திடலும் மைதானமும்: தம்பலகாமத்துச் சிறுவர் விளையாட்டிடங்கள் பற்றிச் சில சிந்தனைகள்

தமிழகத்தில் 'விளையாட்டுத் திடல்' என்னும் தொடர் இன்று சர்வசாதாரணமாக வழங்குகிறது. திடல் என்றால் அங்கே திறந்த வெளி, கூட்டம் கூடுமிடம், பந்தாடுமிடம். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்திலோ அச்சொல் தன் பழம்பொருளை இன்னும் இழந்துவிடவில்லை. வயல்வெளியின் நடுவே நீர் ஏறாது உயர்ந்து நிற்கும் மேட்டு நிலமே அங்குத் திடல் ஆகும். சிப்பித்திடல், நாயன்மார்திடல், குஞ்சடப்பன்திடல் என்று குடியிருப்புக்கள் பெயர் பெற்றிருப்பதும், கள்ளிமேடு, பட்டிமேடு என்பன அவற்றோடு சேர்த்து எண்ணப்படுவதும் இக்காரணம் பற்றியே. மாரிகாலத்திலே சுற்றிலும் நீரும் சேறும் பச்சை வேளாண்மையும் சூழ்ந்திருக்க, வீடு, கிணறு, தென்னை, மாட்டுப்பட்டி ஆகிய யாவும் அம்மேட்டிலே ஒதுங்கி நிற்கும். எனவே தமிழகத்திலிருந்து வரும் ஒருவர் "இவ்வூரிற் சிறுவர்க்கு விளையாட்டுத் திடல் எது?" என்று வினவுவாராயின், விடை கூறுபவர் சற்றுத் தடுமாறவே செய்வர். அங்குத் திடல் உண்டு. ஆனால் அது வீடுகளால் நிறைந்தது. விளையாடும் வெளியும் உண்டு. ஆனால் அது திடல் அன்று, வயல். அதுவும் ஆண்டிற் சில வாரங்களுக்கு மட்டுமே கிடைப்பது.

இச்சொல்லாராய்ச்சியை நாம் விளையாட்டாகச் செய்யவில்லை. நிலம் எவர் கையில் உள்ளது, எதற்குப் பயன்படுகிறது, எக்காலத்தில் எவருக்குக் கிடைக்கிறது என்பனவே சிறுவர் விளையாட்டிடம் பற்றிய வினாவின் உட்கிடை. நல்ல விளையாட்டிடம் தேடும் பெற்றோரும், அதனை அமைத்துத் தருவதாகக் கூறும் நிறுவனங்களும் பெரும்பாலும் ஊஞ்சல், சறுக்கி முதலாய சாதனங்களையே மனத்திற் கொள்கின்றனர். சாதனங்கள் வேண்டா என்பது எமது கருத்தன்று. ஆயின் சாதனங்கள் வருவதற்கு முன்னரும் பிள்ளைகள் ஆடினர். எங்கே ஆடினர், அவ்விடங்கள் இன்று என்னவாயின என்பதை அறியாது புதிதாக ஒன்றை அமைப்பது பெரும்பாலும் வீணாகவே முடிகிறது. தம்பலகாமத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க முயல்கிறோம்.

விளையாட்டு உழைப்புக்கு மறுதலையானது, உழைப்பு ஓய்ந்த இடத்திலே தோன்றுவது என்ற எண்ணம் பொதுவழக்கில் ஆழமாக வேரூன்றியுள்ளது. ஜெர்மானியப் பொருளியலறிஞர் கார்ல் பியூஹர், விளையாட்டு உழைப்பினும் முந்தியது என்றே வாதித்தார். அவரை மறுத்தவர் பிளெகானவ். 1899இல் வெளிவரத் தொடங்கிய 'முகவரியற்ற கடிதங்கள்' என்ற கட்டுரைத் தொடரில் அவர் இவ்வினாவை விரிவாக ஆராய்ந்தார். தனிமனிதனது வாழ்விலே விளையாட்டு முந்துகிறது; ஆனால் சமூகத்தின் வரலாற்றிலே உழைப்பே முந்துகிறது; பெரியோர் செய்யும் தொழிலையே பிள்ளைகள் ஆடுகின்றனர் என்பது அவரது முடிவு. (எமது மாணவர் பலர் பிளெகானவ் என்றதும் கலையின் தோற்றம் பற்றிய பகுதியைக் குறித்துக்கொண்டு நூலை மூடிவிடுகின்றனர். விளையாட்டுப் பற்றிய பகுதியும் அதேயளவு கவனத்துக்குரியது.) பின்னர் வைகோட்ஸ்கி, 1933இல் ஆற்றிய விரிவுரையொன்றில், தடியைக் குதிரையாகக் கொள்ளும் குழந்தை பொருளிலிருந்து கருத்தைப் பிரித்தெடுக்கக் கற்பதை விளக்கினார். விளையாட்டிலே குழந்தை தன் அன்றாட ஆற்றலுக்கு அப்பாற் சென்று செயற்படுகிறது என்பது அவர் கண்ட உண்மை. இவ்விருவர் கருத்தையும் இணைத்து நோக்குமிடத்து ஒன்று புலனாகும். பிள்ளை ஆடுவதற்கு வெற்றிடம் மட்டும் போதாது; பார்த்துப் போலச் செய்யத்தக்க உழைப்பும் அதன் கண்ணெதிரே நிகழ்தல் வேண்டும்.

தம்பலகாமத்தின் உழைப்பு நெல்லோடு பிணைந்தது. நெல் கந்தளாய்க் குளத்து நீரோடு பிணைந்தது. அக்குளத்தையும் கோணேசர் கோயிலையும் மரபு குளக்கோட்டன் பெயரோடு தொடர்புறுத்தும். 'கோணேசர் கல்வெட்டு' என்னும் நூல் கோயிற் பணிகளைத் தானத்தார், வரிப்பத்தார் முதலியோர்க்கு வகுத்துரைப்பது. நீரும் நிலமும் தொழும்பும் ஒரே ஒழுங்கிற் கட்டப்பட்டிருந்தமைக்கு அது நல்ல சான்று. சிதைந்து கிடந்த குளம் பிரித்தானியர் ஆட்சியிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் புனரமைக்கப்பட்டது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அதன் கட்டு உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தாழ்ந்த வெளிகளில் மேட்டுநிலத்தின் அருமையை அவ்வொரு விடியல் நூல்களைவிடத் தெளிவாகக் கற்பித்தது எனலாம்.

பெரும்போகம் ஐப்பசியை ஒட்டி விதைக்கப்பட்டு மாசி பங்குனியில் அறுவடையாகும். சிறுபோகம் சித்திரைக்குப் பின் தொடங்கி ஆவணி புரட்டாதியில் முடியும். இவ்விரு போகங்களுக்கும் இடைப்பட்ட வாரங்களே பிள்ளைகளின் காலம். நீர் வடிந்து, கதிர் அறுத்து, அரிதாள் காய்ந்த வயல் அப்போது எல்லையற்ற மைதானமாகும். அந்நாட்களில் நிலவுடைமையாளர் வரம்புக்கு வரம்பு தம் உரிமையை நிலைநாட்ட முனைவதில்லை. மாடு மேயலாம், பிள்ளை ஓடலாம். உடைமை ஒருவரது, நுகர்வு ஊராரது. இவ்விடைக்காலப் பொதுமை எந்தச் சட்டத்திலும் எழுதப்படாதது. அதனாலேயே அது மறைந்தபோதும் எவரும் முறையிடவில்லை.

ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஒவ்வொரு வகை நிலம் தேவை என்பதனை இங்கு நினைவுகூர்தல் தகும். கிளித்தட்டுக்குக் கோடு கிழிக்க மட்டமான தரை வேண்டும். கிட்டி அடிப்பதற்கு நீண்ட வெளி வேண்டும். பட்டம் ஏற்ற மரமற்ற காற்றுவெளி வேண்டும். போளை அடிக்க இறுகிய மண்ணில் ஒரு குழி போதும். கொக்கான் வெட்டுவதற்கு நிழலும் ஐந்து கற்களும் போதும். ஒளித்துப் பிடிப்பதற்கு வைக்கோற்போரினும் சிறந்த இடம் வேறில்லை. வருடப்பிறப்பு ஊஞ்சலுக்குப் புளியோ மாவோ பருத்த கிளையோடு நிற்றல் வேண்டும். நெற்செய்கை இவற்றுட் பலவற்றைத் தன் உபவிளைவாகவே தந்தது. சூடு மிதிப்பதற்காகச் செதுக்கிச் சாணமிட்டு மெழுகிய களம், வேலை நடைபெறும்போது பிள்ளைகளுக்குப் பொதுவாக விலக்கு. கிழக்கிலங்கையின் களங்களிலே தனிக் குழூஉக்குறிகளே வழங்கின. அங்கு நினைத்தவர் நினைத்தபடி பேசிவிட முடியாது. மிதித்து, தூற்றி, நெல் வீடு சென்ற பின்னரோ அக்களமே ஊரின் மிக மட்டமான, மிகத் தூய தரை. கிளித்தட்டுக்கு அதனினும் பொருத்தமான நிலத்தை எந்தப் பொறியியலாளரும் அமைத்துத் தரமுடியாது.

உழைப்பின் இடமே ஆட்டத்தின் இடமாகவும் இருந்தமை தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து முற்றமொன்றை நோக்குவோம். அங்கே தானியம் காய்கிறது. அதனைக் கவர வரும் கோழியை விரட்ட மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். அவ்வணி, பொன்னணிந்த புதல்வர் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. உரையாசிரியர்கள் இதனைச் செல்வச் சிறப்புக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டுவர். அது உண்மையே. ஆயின் ஒரே முற்றம் உலர்த்துங் களமாகவும் விளையாட்டிடமாகவும் விளங்கியமையும், காவல் செய்யும் பெண்டிரது கண்பார்வைக்குள்ளேயே பிள்ளைகள் ஆடியமையும் எமது நோக்கில் அதனினும் முக்கியமானவை.

பெரும்பாணாற்றுப்படை இன்னொரு தேரைக் காட்டும். வளமிக்க உழவர் மனையிலே புதல்வர் உருட்டும் அத்தேர், தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும் வண்ணம் செய்யப்பட்டது. உருட்டிக் களைத்த உழவர் புதல்வர் செவிலியிடம் பாலருந்தி உறங்குகின்றனர். தச்சச் சிறுவர் என்ன செய்தனர் என்பது பாடலில் இல்லை. அவர்க்கு விருப்பம் மட்டுமே கொடுக்கப்பட்டுள்ளது. தேரைச் செய்தது ஒரு வீடு, உருட்டியது இன்னொரு வீடு. தமிழிலக்கியத்திற் சிறுவர் விளையாட்டைப் பற்றி எழுதியோர் இவ்வடிகளை ஓயாது எடுத்தாண்டுள்ளனர். ஆயினும் இவ்வேறுபாட்டிற் கண்வைத்தவர் மிகச் சிலரே. குறிஞ்சித் திணையிலே தினைப்புனங் காக்கும் பெண்ணின் நிலையும் இத்தகையதே. கிளி கடிவதும் ஊசலாடுவதும் அருவியாடுவதும் அவளுக்கு ஒரே வெளியில் நிகழ்கின்றன. அவளது காவலுழைப்பைப் பாடல்கள் காதலின் பின்னணியாக மாற்றிவிட்டமையால், அது உழைப்பு என்பதையே நாம் மறந்துவிடுகிறோம்.

தம்பலகாமத்தின் வயலுக்கு மீள்வோம். கடந்த சில பதின்மங்களில் அங்கு நிகழ்ந்த மாற்றத்தை இயந்திரத்தின் வருகை என்ற ஒரு தொடரால் அடக்கிவிடலாகாது. எருமை போய் உழவு இயந்திரம் சூடு மிதிக்க வந்தபோதும் களம் இருந்தது. பின்னர் வந்ததோ, அறுப்பதையும் அடிப்பதையும் ஒருங்கே முடித்துவிடும் பெரிய இயந்திரம். கிழக்கின் விவசாயிகள் அதனைச் 'சுனாமி' என்று அழைக்கின்றனர். 2004 டிசெம்பருக்குப் பின்பு இக்கரையோர மக்கள் அச்சொல்லை எத்தகைய நினைவோடு வழங்குவர் என்பது சொல்லாமலே விளங்கும். முன்னர் வாரக்கணக்கில் நடைபெற்ற வேலையை அது மணிக்கணக்கில் முடிக்கிறது. விவசாயிக்கு அதனால் நன்மை உண்டு என்பதனை மறுப்பதற்கில்லை. முதுகொடிய அரிவாள் பிடித்த தலைமுறையை மீண்டும் அந்நிலைக்கு அனுப்ப நாம் விரும்பவுமில்லை. ஆயின் களம் செதுக்கும் தேவை இல்லாதொழிந்தது. வைக்கோற்போர் அருகியது. ஈரவயலில் ஓடிய இயந்திரத்தின் சுவடுகள் காய்ந்து இறுகிப் பிள்ளைகளின் கால் மடக்கும் பள்ளங்களாயின. யாவற்றினும் முக்கியமாக, வயலில் நாள்முழுதும் நின்ற பெரியோர் அங்கிருந்து அகன்றனர். வெட்டும் ஆணும், கட்டும் பெண்ணும், தேநீர் கொண்டுவரும் பாட்டியும் இருந்த வெளியில் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று தனியாக ஒருவர் தேவைப்படவில்லை. உழைப்பே காவலாக இருந்தது. இன்று வெளி அப்படியே கிடக்கிறது, காவல் இல்லை.

இவ்விடத்தில் ஆலய வீதி பற்றியும் கூறுதல் வேண்டும். திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தழித்தனர். அதன் பின்னர்க் காக்கப்பட்ட திருவுருவங்கள் தம்பலகாமத்தில் எழுந்தருளுவிக்கப்பட்டன என்பது ஆதிகோணநாயகர் ஆலயம் பற்றிய மரபு. ஈழத்துத் தமிழ்க் கிராமங்களிலே கோயிலின் வெளிவீதி மணல் பரந்து, மரநிழல் சூழ்ந்து, வண்டி வாகனங்கள் நுழையாத இடமாக இருக்கும். குழந்தைகளின் நோக்கில் இதனினும் நல்ல இடம் அரிது. ஆனால் அது எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வகையில் திறந்திருந்தது என்று எண்ணுவது வரலாற்றை மறப்பதாகும். வடக்கிலே 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம், கோயிலின் கதவு மட்டுமன்றி அதன் சூழலும் சாதியால் அளக்கப்பட்டிருந்தமையை உலகுக்குக் காட்டியது. பெரியோருக்கு வாசலில் விதிக்கப்பட்ட எல்லையைப் பிள்ளைகள் வீதியிலேயே கற்றுக்கொண்டனர். மேலும், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகளுக்குக் கோயில் வீதி தமது இடமாகத் தோன்றுதல் அரிது. அவ்வாறே பள்ளிவாசல் முன்றிலும் விகாரை வளவும் ஏனையோர்க்கு. மூவினத்தவரும் அடுத்தடுத்து வாழும் தம்பலகாமப் பிரதேசத்திலே சமயம் சார்ந்த வெளி எவ்வளவு நன்றாயினும் பொதுவெளிக்கு ஈடாகாது.

பொதுவெளி என்ற தொடரே கிழக்கு மாகாணத்தில் ஐயத்தோடு நோக்கப்படுகிறது. அரச குடியேற்றத் திட்டங்களின் வரலாறு, எந்த நிலத்தையும் 'எவருடைய நிலம்' என்று கேட்கும் பழக்கத்தை மூவினத்தவரிடமும் ஏற்படுத்திவிட்டது. ஒரு துண்டு நிலத்தைப் பொது மைதானமாக்கப் போவதாக அறிவித்தால், பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு முன்னர் எந்தச் சமூகத்துக்குப் போகும் என்பதே பேச்சாகிறது. இதனை மக்களின் குறுகிய மனப்பான்மை என்று கடிந்துகொள்வோர் உளர். அவர்கள் காணியற்றவர்களாக ஒருநாளேனும் வாழ்ந்தவர்களல்லர்.

அச்சம் இன்னொரு காரணி. 1998 பெப்ரவரி 1ஆம் நாள் தம்பலகாமத்துப் பாரதிபுரத்தில் எட்டுத் தமிழ்ப் பொதுமக்கள் பொலிஸ் தரப்பினராற் கொல்லப்பட்டனர்; அவர்களுட் சிறுவரும் இருந்தனர். 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, திருகோணமலைக் கடற்கரையிற் கூடியிருந்த ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். கடற்கரை, அந்நகரின் இளைஞர் மாலைப்பொழுதைக் கழிக்கும் இயல்பான இடம். அவர்கள் செய்த செயல் அங்கே இருந்தமை மட்டுமே. இத்தகைய நிகழ்ச்சிகள் நினைவிற் படிந்த ஊரில் ஒரு தாய் விளையாட்டிடத்தை அதன் பரப்பாலோ அழகாலோ அளப்பதில்லை. 'கூப்பிடு தூரம்' என்று தமிழில் ஓர் அளவை உண்டு. பழைய நிலவளவையில் அது தூரத்தைக் குறித்தது. இத்தாய்மாருக்கு அது அச்சத்தின் எல்லையைக் குறிக்கிறது. அழைத்தால் பிள்ளைக்குக் கேட்க வேண்டும். பிள்ளை அழுதால் தாய்க்குக் கேட்க வேண்டும். போர் 2009இல் முடிந்தது. தாய்மாரின் அளவுகோல் அதே ஆண்டிலே மாறிவிட்டதாகக் கொள்ள இயலாது.

அறுவடை முடிந்த ஒரு பங்குனி மாலையில் நாம் அவ்வூரின் வயலோரத்தில் நின்றிருந்தோம். தென்னைமட்டையைத் துடுப்பாகவும் மூன்று தடிகளை விக்கெற்றாகவும் கொண்டு பையன்கள் கிறிக்கெற் ஆடிக்கொண்டிருந்தனர். ஆடுதளத்துக்காக அரிதாளைக் கையாலேயே பிடுங்கி ஒரு கீற்று நிலத்தைச் சீராக்கியிருந்தனர். சிறுமியர் நால்வர் வரம்பிலே நின்றனர். ஒருத்தியின் இடுப்பில் தம்பி. "நீங்கள் விளையாடுறதில்லையோ?" என்று கேட்டோம். "உது அண்ணாக்கள்ர இடம்" என்றாள் ஒருத்தி. மற்றொருத்தி சற்று யோசித்துவிட்டு, "நாங்கள் வீட்டுக்குப் பின்னால விளையாடுவம், பந்து பொறுக்கத்தான் இங்க வாறது" என்றாள்.

அச்சிறுமியின் கூற்று எமக்குச் சிற்றிலை நினைவூட்டியது. சங்கப் பாடல்களிலே பெண்கள் மணலில் வண்டலிழைத்துச் சிறுவீடு கட்டுகின்றனர். கலித்தொகையின் புகழ்பெற்ற குறிஞ்சிக் கலியொன்றில் தலைவி தன் தோழிக்குத் தலைவனை அறிமுகப்படுத்துவதே, தெருவில் நாம் கட்டிய மணல் வீட்டைக் காலாற் சிதைத்தவன் என்று கூறித்தான். பிள்ளைத்தமிழ் பிற்காலத்தில் இதனை ஒரு பருவமாகவே வகுத்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களாகிய சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பவற்றுட் சிற்றில் மட்டும் பாட்டுடைத் தலைவனை வேண்டிக்கொள்ளும் பருவம்: எம் சிற்றிலைச் சிதையாதே. தலைவன் அரசன் அல்லது தெய்வம். பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களான அம்மானை, கழங்கு, நீராடல், ஊசல் முதலியனவோ பெரும்பாலும் இருந்த இடத்திலோ குறுகிய எல்லைக்குள்ளோ ஆடப்படுபவை. பறை தெருவெங்கும் முழங்கும்; தேர் தெருவெங்கும் உருளும்; ஊசல் சென்ற இடத்துக்கே மீளும். விளையாட்டு வெளியில் ஆணுக்கு ஓட்டமும் பெண்ணுக்கு ஓரமும் என்ற பங்கீட்டைப் புலவர்கள் கற்பனை செய்யவில்லை, கண்டதை அழகாக்கினர். சிற்றிற் பருவத்தின் இன்பத்தை நாம் மறுக்கவில்லை. குமரகுருபரரின் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழை எத்தனை முறை படித்தாலும் எமக்கு அலுப்பதில்லை. ஆயினும் மன்றாடுபவர் எப்போதும் பெண்களாகவே இருப்பதைச் சுவையாகக் கொண்டதோடு நிறைவடைய முடியவில்லை.

எமது ஊர்களின் 'பொது விளையாட்டு மைதானம்' இப்பங்கீட்டை அளந்து வேலியிட்டுக் கொடுக்கிறது. அது உதைபந்தாட்டத்துக்கோ கிறிக்கெற்றுக்கோ கரப்பந்தாட்டத்துக்கோ ஏற்ற அளவில் அமைகிறது. விளையாட்டுக் கழகங்களின் பெயரில் ஒதுக்கப்படுகிறது. திருகோணமலை நகரிலே ஏகாம்பரம் மைதானமும் மக்கெய்சர் மைதானமும் இளைஞரின் உதைபந்தாட்டத்திற்கும் போட்டிகளுக்கும் உரியனவாகவே மக்களால் அறியப்படுகின்றன. இளைஞர்க்கு அவை தேவை. மேற்கிந்தியத் தீவுகளின் மார்க்ஸியரான சி. எல். ஆர். ஜேம்ஸ், தம் வீட்டுச் சாளரத்தின் வழியே மைதானத்தைப் பார்த்து வளர்ந்ததிலிருந்து காலனித்துவத்தையும் கிறிக்கெற்றையும் ஒருங்கே விளங்கிக்கொண்டார். 1963இல் வெளிவந்த அவரது நூல் அதன் விளைவு. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எல்லைக்கோடு ஒரு மைலாகத் தோன்றும் வெளியில் என்ன செய்ய முடியும்? அது ஓரத்தில் நின்று பந்து பொறுக்கும்.

மைதானத்துக்கு மாற்றாகச் சொல்லப்படுவது 'சிறுவர் பூங்கா'. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்கீழ் அமைந்த சபைகள் இத்தகைய பொது வசதிகளுக்குப் பொறுப்பானவை. நாம் வெவ்வேறு ஊர்களிற் கண்ட பூங்காக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வீதியோரத்தில் கம்பிவேலி, உள்ளே இரும்பு ஊஞ்சல், தகரச் சறுக்கி, சாய்ந்தாடும் பலகை, வாயிலில் திறந்துவைத்தவர் பெயர் பொறித்த கல். பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணிக்கு விடுகிறது. பிள்ளைக்கு ஓய்வு கிடைக்கும் அவ்வேளையில் உலர்வலயத்து வெயிலில் அத்தகரத்தில் கைவைக்க முடியாது. வெயில் தணியும் வேளையில் பிள்ளை ரியூசனுக்குப் போய்விடுகிறது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை அருகிலிருந்தால் கேட்கவே வேண்டாம். பாரதி தம் பாப்பாப் பாட்டில் மாலை முழுவதையும் விளையாட்டுக்கு ஒதுக்கினார். ஒதுக்கிய அம்மாலை இன்று கட்டணம் பெறும் வகுப்புக்களின் உடைமை.

இவ்வச்சு எங்கிருந்து வந்தது என்பதை நோக்குதல் பயனுடையது. பிரித்தானியாவில் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பிள்ளைகளின் வேலைநேரத்தைக் கட்டுப்படுத்தியது. அதற்கு எத்தனை எதிர்ப்பு இருந்தது என்பதை 'மூலதனம்' முதற் பாகத்தில் வேலைநாள் பற்றிய அதிகாரம் விரிவாகப் பதிவு செய்துள்ளது. 1846இல் மான்செஸ்ரர் நகரிற் பொதுப்பூங்காக்கள் திறக்கப்பட்டன. 1880களின் நடுவே பேர்லின் நகரத்து மணற்குவியல்களைப் பின்பற்றி அமெரிக்காவின் பொஸ்ரனில் ஏழைப் பிள்ளைகளுக்கு மணல் கொட்டப்பட்டது. 1906இல் அந்நாட்டில் விளையாட்டு மைதானங்களுக்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. ஆலை விட்ட பிள்ளை தெருவில் நின்றது. தெருவில் நின்ற பிள்ளையை வாகனத்திலிருந்து காப்பதும், நாளைய ஒழுங்கான தொழிலாளியாக வளர்ப்பதும் ஒருசேரத் தேவைப்பட்டன. வேலியும் இரும்புச் சாதனமும் அத்தேவைக்குப் பிறந்தவை. மரமும் மணலும் உள்ள ஊருக்கு அவற்றை அப்படியே கொண்டுவருவது, குளிர்நாட்டுக் கோட்டை உலர்வலயத்தில் அணிவது போன்றதே.

ஐரோப்பாவிலேயே வேறு முன்மாதிரிகளும் தோன்றின. அவை போரின் இடையிலும் போருக்குப் பின்னரும் தோன்றியமை எமக்கு முக்கியமானது. கொப்பன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருந்த 1943இல், சோரன்சன் என்னும் நிலவமைப்பாளரின் எண்ணப்படி, பிள்ளைகள் பழைய பலகை, கல், கயிறு ஆகியவற்றைக்கொண்டு தாமே கட்டியும் இடித்தும் விளையாடும் இடமொன்று உருவாயிற்று. போருக்குப் பின் இவ்வெண்ணம் லண்டனின் குண்டு விழுந்த மனைகளுக்குச் சென்றது. அம்ஸ்ரர்டாமில் 1947 முதல் முப்பதாண்டுகளில் கட்டடக் கலைஞர் அல்டோ வான் எய்க் 700க்கு மேற்பட்ட சிறு விளையாட்டிடங்களை அமைத்தார். அவற்றுட் சில, நாசிகளால் நாடுகடத்தப்பட்டு மீளாத யூதரின் இல்லங்கள் இருந்த வெற்று மனைகள். அவர் வேலியிடவில்லை. மணற்குழி, வளைந்த கம்பிகள், குட்டைக் கற்கள் ஆகியனவே அவருடைய சாதனங்கள். எங்கள் தெருவிலும் ஒன்று வேண்டும் என்று குடியிருப்பாளர் நகரசபைக்குக் கடிதம் எழுத, ஒவ்வொன்றாக அவை பெருகின. ஒரு பெரிய மைதானத்துக்குப் பதில் நூற்றுக்கணக்கான சிறியவை, ஒவ்வொன்றும் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில்: இந்த ஒழுங்கே தம்பலகாமத்தின் நிலவமைப்புக்கும் பொருந்துவது. அங்கு ஊர் ஒரே தொகுதியாக இல்லை. திடல் திடலாகப் பிரிந்துள்ளது. நடுவில் ஒரு பூங்கா அமைத்தால் வாய்க்காலையும் கண்டி வீதியையும் கடந்து பிள்ளைகள் வரவேண்டும், வரமாட்டார்கள். ஒவ்வொரு திடலின் ஓரத்திலும் ஒரு மரமும், மணல் கொட்டிய சிறு பரப்பும், மட்டமாக்கிய தரையும், பெரியோர் அமர்ந்து தம் வேலையைச் செய்யத்தக்க நிழலும் இருந்தால் போதும். ஊஞ்சலைக் கிளை தாங்கும். சிறுமியர் அங்கே ஓரத்தில் நிற்கத் தேவையில்லை. கிறிக்கெற்றுக்கு அப்பரப்புப் போதாது என்பதே அதன் சிறப்பு.

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 1989இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இலங்கை 1991இல் அதனை உறுதிப்படுத்தியது. அதன் 31ஆம் உறுப்புரை விளையாடுவதனை உரிமையாக ஏற்கிறது. உரிமை தாளில் உள்ளது. திடலோரத்துத் துண்டு நிலமோ வேறொரு மேசையிலே தீர்மானிக்கப்படுகிறது. ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் விவசாயிகளும் நீர்ப்பாசன, நிர்வாக அதிகாரிகளும் கூடும் ஆரம்பக் கூட்டம் உண்டு. முதல் நீர் திறக்கும் நாள், விதைப்பு முடியும் நாள், வேலியடைக்கும் நாள், வயலிலிருந்து மாடுகளை அகற்றும் நாள் என்பன அங்கு முடிவாகின்றன. மாடு வைத்திருப்போர் அதற்கு முன்னரே எழுந்து மேய்ச்சற்றரை கேட்பர். கிடைப்பதில்லை எனினும் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதனை எவரும் மறுப்பதில்லை; மாடு இரவில் எங்கே நிற்கும் என்பது கூட்டத்தின் பொருளாக ஏற்கப்பட்டுள்ளது. அதே வயலைப் பிள்ளைகளும் அதே நாளில் இழக்கின்றனர். அவர்கள் எங்கே போவர் என்று கேட்பதற்குக் கிராம அபிவிருத்திச் சங்கமோ, பாலர் பாடசாலை ஆசிரியையோ, அவ்வரம்பில் நின்ற சிறுமியின் தாயோ அக்கூட்டத்துக்கு அழைக்கப்படுதல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள். நாம் சென்று வந்த சில வாரங்களில் வாய்க்காலுக்கு நீர் வந்திருக்கும். பையன்கள் அரிதாள் பிடுங்கிச் சீராக்கிய கீற்று நிலத்தின் மேல் இப்போது நாற்று நிற்கிறது.